மூன்று முறை கூவியவன்

நல்லகண்ணுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் மேல் கோபம் வந்தால் அவன் மனைவி பேச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கையையும் முகத்தையும் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

1978 பங்குனியில் ஒரு நாள் காலை அதுதான் நடந்தது. சினையாடு ஒன்றை அவளைக் கேட்காமல் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டான். பேச்சி கஞ்சிச் சட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு முறை அவள் தோளைத் தொட்டுப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. ஆடுகளைப் பத்திக்கொண்டு மேலக்காட்டுப் பக்கம் போய்விட்டான்.

மேலக்காட்டில் வெட்டுகிற புதுக் கிணற்றில் அன்றைக்குப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்பது அவளுக்கு முந்தின நாளே தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

கிணறு வெட்டும் கான்ட்ராக்டர் ஞானதுரை லைசன்ஸ் உள்ளவர். பனவடலிசத்திரம் பக்கத்தில் பதினைந்து வருஷமாக வெடி வைக்கிறார். திரியைப் பற்றவைக்கும் முன்னால் ஓர் ஆள் மேட்டில் நின்று சிவப்புத் துணியை ஆட்டி மூன்று முறை கூவ வேண்டும். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். அன்று கூவியவன் வெள்ளத்துரை, நல்லகண்ணுவின் பக்கத்து வீட்டுக்காரன். கூவி முடித்த பிறகுதான் தூரத்தில் உடைமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றவனைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, நல்லகண்ணு அண்ணன் அங்கன நிக்காரு.”

“கூவுனியாலே?” கிணற்றுக்குள்ளிருந்து ஞானதுரை கேட்டார்.

“மூணு தரம் கூவிட்டேன். ஆனா அவருக்கு...”

“கூவியாச்சுன்னா ஒதுங்கி நில்லு. பொழுது போகுது.”

பாறை வெடித்துச் சிதறிய கல் ஒன்று நல்லகண்ணுவின் பின்மண்டையில் விழுந்தது. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

கூவத்தானே செய்தார்கள், இதில் யாரை என்ன சொல்ல என்றது ஊர். பேச்சியின் அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட அவளை வக்கீல் காசிராஜனிடம் கூட்டிப் போனான்.

“கூவுனாங்களா இல்லையாங்கது கேள்வியே இல்லம்மா” என்றார் அவர். “கேக்காத ஆளுன்னு தெரிஞ்சும் கூவினது போதும்னு விட்டாங்களா? அதைக் காட்டிட்டா போதும்.”

மூன்று வருஷம் கழித்து முன்சீப் கோர்ட்டில் விசாரணை வந்தது. முதலில் பேச்சி கூண்டேறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடாமல் தணிவாகக் கேட்டார்.

“அன்னைக்கு வெடி வைக்கது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“புருஷன்கிட்டச் சொன்னியா?”

கோர்ட்டில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லகண்ணுவின் தங்கச்சியும் இருந்தாள்.

“சொன்னேன்.”

“காது கேக்காத ஆள்கிட்ட எப்படிச் சொன்னே?”

பேச்சி இரண்டு கையையும் தூக்கினாள். மூடிய விரல்களைப் படக்கென்று விரித்தாள். பிறகு மேற்கே கைநீட்டி, போகாதே என்று தலையசைத்தாள். கோர்ட்டே அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்சீப் எழுதிக்கொண்டார். காசிராஜன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அது ஏன் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

அடுத்து வெள்ளத்துரை. ஞானதுரைக்குச் சாட்சி சொல்ல வந்தவன். மூன்று முறை கூவியதையும் துணியை ஆட்டியதையும் ஒழுங்காகச் சொன்னான். காசிராஜன் எழுந்தார்.

“நல்லகண்ணுக்குக் காது கேக்காதுன்னு உனக்குத் தெரியும்லா?”

ஞானதுரை பார்த்துக்கொண்டிருந்தார். காது லேசான மந்தம்தான் என்று சொல்லும்படி அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்.”

“நீ அவரை எப்படிக் கூப்பிடுவே?”

“அவரு முன்னால ஒரு மண்ணாங்கட்டியை எறிவேன். திரும்பிப் பாப்பாரு.”

முன்சீப்பே கேட்டார். “அன்னைக்கு ஏன் எறியலை?”

“எறிஞ்சா எட்டாதுய்யா. நடந்து போயித் தொட்டுருக்கணும்.”

“போக எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு பீடி குடிக்க நேரம்” என்றான் வெள்ளத்துரை. சொல்லும்போதே அழுதுவிட்டான். மறுநாள் முதல் ஞானதுரையிடம் அவனுக்கு வேலை இல்லை.

தீர்ப்பு ஆவணியில் வந்தது. காசிராஜன் அதை அவளுக்கு விளக்கிச் சொன்னார். வழக்கப்படி செய்தோம் என்பது மட்டும் கவனமாக இருந்ததாகாது. கேட்காதவன் நிற்பது தெரிந்தால், புத்தியுள்ள எவனும் ஆளனுப்பித் தொட்டு விலக்கிய பிறகுதான் திரியில் நெருப்பு வைப்பான். அதற்கு ஆகிற சிரமம் ஒன்றுமே இல்லை, நேரக்கூடியதோ உயிர்ச்சேதம். ஆகவே ஞானதுரை தன் கடமையில் தவறினார்.

“ஜெயிச்சாச்சு” என்றவர், கொஞ்சம் தயங்கினார். “ஆனா உன் புருஷன் மேலயும் மூணுல ஒரு பங்கு தப்புன்னு எழுதியிருக்கு. அந்த அளவு நஷ்டஈடு குறையும்.”

“அவரு என்ன செஞ்சாரு?”

“வெடி வைக்காங்கன்னு நீ சொல்லியும் அங்கன போயிருக்காரே. தெரிஞ்சே போனது அவரோட கவனக்குறைவு.”

“அதை அழிக்கச் சொல்லுங்க. நான் சொல்லலைய்யா. சண்டை. அன்னைக்கு மூஞ்சியைக்கூடக் காட்டலை.”

காசிராஜன் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “சத்தியம் பண்ணிச் சொன்னதை இப்ப மாத்துனா உன் மேல கேஸ் வரும். உள்ளதும் போயிரும். பேசாம ஊருக்குப் போ.”

பஸ் ஸ்டாண்டில் வெள்ளத்துரை நின்றிருந்தான். ஞானதுரையிடம் வேலை போன பிறகு மார்க்கெட்டில் பூக்கூடை சுமந்தான்; சட்டை ஈரமாக இருந்தது. தீர்ப்பு அவனுக்கும் தெரிந்திருந்தது.

“மதினி, இந்த மூணு வருசமா எனக்கு உறக்கமே இல்ல. அண்ணனுக்கு முன்னாலேயே தெரியும்னு கோர்ட்ல நீங்க சொன்ன பொறவுதான் ஒரு வாய் சோறு எறங்குது. எல்லாம் என் மேல இல்லலா?”

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செத்தவன் பேரில் காகிதத்தில் ஏறிவிட்ட குற்றம் அவளைப் பிடுங்கியது. யாராவது ஒருத்தருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தாள்.

“அவருக்குத் தெரியாது, தம்பி. நான் சொல்லவே இல்ல.”

வெள்ளத்துரை அவளையே பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை.

“இதை ஏன் எங்கிட்டச் சொன்னீங்க?” என்றான் மெல்ல.

பனவடலிசத்திரம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். அவன் ஏறவில்லை. மார்கழிக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு திருவேங்கடம் என்ற ஊர்ப்பக்கம் போய்விட்டான்.