பதினொரு தப்பு விடைகள்

கதவில் புதிதாக ஒட்டியிருந்த தாளை ஒயர் அக்கா மூன்று தரம் படித்தாள். நெட்வொர்க்கிங் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே இனி சர்வர் அறைக்குள் நுழையலாமாம். அந்த அறைக்கு வந்து சேரும் நானூற்றுச் சொச்சம் ஒயரையும் எட்டு வருடமாக ஏழு மாடி ஏறி இறங்கி இழுத்து, நுனி சீவி, எண் ஒட்டியவள் அவள். ஒயர் அக்கா என்றால்தான் அந்த அலுவலகத்தில் தெரியும். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஆரம்பநிலைப் பரீட்சைதான். ஆறு வாரம் டைம் இருக்கு. பாஸ் பண்ணிடுங்க, இல்லேன்னா உங்களை ஸ்டோருக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றார் மேலாளர்.

ஸ்டோர் என்றால் காகிதக் கட்டுகளை எண்ணி அடுக்குவது. எட்டு வருட உழைப்புக்கு இதுவா கூலி? ஆனால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆறு வாரம் நிற்குமா என்ன?

பயிற்சி வகுப்பை விசாரித்தாள். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. லீவு கேட்டதற்கு மேலாளர், "நீங்க இல்லாம இங்க ஒயர் யார் பாக்கறது?" என்றார். உள்ளே போக லாயக்கில்லாதவள், லீவு போடவும் முடியாதவள்! இது எந்த ஊர் நியாயம் என்று அவள் வாய்விட்டே கேட்டாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வழியைக் காட்டியவர் சான்றிதழ்க்காரர். சர்வர் அறை வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கழுத்தில் அடையாள அட்டை, அதன் பின்னால் மடித்து வைத்த சான்றிதழ் நகல்.

"எதுக்குக்கா வகுப்பு, புத்தகம் எல்லாம்? என்கிட்ட ஒரு பிடிஎஃப் இருக்கு. இருநூறு மாதிரிக் கேள்வி, பதிலோட. நாலே நாள். நெட்டுருப் போட்டுட்டுப் போய் உக்காருங்க, அவ்வளவுதான்."

அச்செடுத்த கட்டை நீட்டிவிட்டு, அந்த இடத்திலேயே ஒப்பித்தும் காட்டினார். "எட்டு பி, ஒன்பது டி, பத்து ஏ..." வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை தோற்றது.

பஸ்ஸில் வரும்போது புரட்டிப் பார்த்தாள். முப்பத்தேழாவது கேள்வியில் பிரேக் போட்டது போல் நின்றாள். சாதாரணச் செப்பு ஒயர் ஒரே இழுப்பில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது கேள்வி. விடை: நூற்றைம்பது மீட்டர். நூறைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பின்கட்டிடத்துக்கு ஒயர் இழுத்து, திட்டு வாங்கி, மறுபடி இழுத்துக் கற்றவள் அவள்.

மறுநாளே சான்றிதழ்க்காரரைப் பிடித்தாள். "இது தப்புங்க. நூறுதான்."

"இருக்கலாம்க்கா. ஆனா பரீட்சையில இதைத்தான் எழுதணும். நான் இதைத்தான் எழுதினேன். பாஸ் ஆயிட்டேன்ல?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்ததை மறந்துவிட்டு, தெரியாதவர் சொன்னதை மனப்பாடம் செய்து, அதற்குப் பிறகு கதவைத் திறந்து விடுவார்களாம்!

அன்றைக்கே அவள் முடிவு செய்தாள். நூலகத்திலிருந்து தடிமனான பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். பரணிலிருந்து இரண்டு பழைய நெட்வொர்க் ஸ்விட்சுகளை, கணினி ஒயர்களைச் செருகி இணைக்கும் பெட்டிகளை, இறக்கினாள். அலுவலகத்தின் மூன்றாம் மாடியைக் காலி செய்தபோது தூக்கிப் போட இருந்தவை. அந்த இருநூறு விடையையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது, அதுதான் அவளுடைய படிப்பு.

கணவருக்குத் தையல் வேலை. மிஷினை மிதித்துக்கொண்டே கேள்வியைப் படிப்பார். "எல்லாரும் இதைப் படிச்சுத்தானே பாஸ் பண்றாங்க? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று முதல் வாரம் அலுத்துக்கொண்டவர், மூன்றாம் வாரம், "இதுவும் தப்பா இருக்கணுமே, பாரு பாரு" என்று துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

நூற்றுப் பதினாலாவது கேள்வி அப்படிப்பட்டது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே சும்மா இன்னொரு ஒயரைச் செருகினால் வேகம் இரட்டிப்பாகும் என்றது விடை. செருகினாள். போன செய்தியே திரும்பித் திரும்பிச் சுற்றி வர, விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறி பிடித்தது போல் துடித்தன. எதுவும் வேலை செய்யவில்லை. புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயமே இருந்தது. தப்பு எண்ணிக்கை பதினொன்றில் வந்து நின்றது.

ஐந்தாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, ஏழு மாடியும் ஸ்தம்பித்தது. சர்வர் அறைக்குள் சான்றிதழ்க்காரர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒயர் அக்காவுக்கு அந்த விளக்குத் துடிப்பு பழகியதாக இருந்தது.

"ரெண்டாவதா ஒரு ஒயர் போட்டீங்களா?" என்று கத்திக் கேட்டாள்.

"இல்லவே இல்லக்கா!"

மேலாளர் ஓடி வந்தார். "அம்மா, உள்ள போங்க. ரூலை அப்புறம் பாத்துக்கலாம்."

உள்ளே போனாள். அவள் எண் ஒட்டாத ஒயர் ஒன்று புத்தம் புதிதாகத் தொங்கியது. பிடுங்கினாள். ஒரு நிமிடத்தில் ஏழு மாடியும் மூச்சு விட்டது.

மாலையில் அறிக்கை வந்தது. 'சான்றிதழ் பெற்ற பணியாளரால் பழுது சரிசெய்யப்பட்டது.'

"உங்க பேரைப் போட்டா, சான்றிதழ் இல்லாதவங்களை ஏன் உள்ள விட்டேன்னு மேல கேப்பாங்க. புரிஞ்சுக்கங்கம்மா" என்றார் மேலாளர், வாய் கூசாமல். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆறாம் வாரம் பரீட்சை எழுதினாள். தேறினாள். ஸ்டோர் பேச்சு ஒழிந்தது. மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்துக் கை தட்டினார்.

"நம்ம தம்பியோட பிடிஎஃப் இன்னொருத்தரையும் கரை சேத்துடுச்சு! அடுத்து எழுதப்போற அஞ்சு பேருக்கும் அதையே அனுப்பியாச்சு."

சான்றிதழ்க்காரர் அடக்கமாகத் தலை குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், அதுல பதினொரு விடை தப்பு" என்றாள். "ஒவ்வொண்ணா வீட்டுல சோதிச்சுப் பாத்தேன். அதைக் கண்டுபிடிச்சதுதான் நான் படிச்ச படிப்பு. அதுல ஒண்ணைத்தான் அந்தத் திங்கக்கிழமை இவர் உள்ள போய்ச் செஞ்சு காட்டினார். இன்னும் அஞ்சு பேர் செய்யணுமா?"

தட்டிய கைகள் நின்றன. சான்றிதழ்க்காரர் தரையைப் பார்த்தார். மேலாளர் சங்கடமாகச் சிரித்தார்.

"இப்ப எதுக்கும்மா இந்தப் பேச்சு? அதான் பாஸ் பண்ணிட்டீங்களே."

"பாஸ் பண்ணினதாலதான் சார் நின்னு கேக்கறீங்க. அதுல ஒரு விடை தப்புன்னு ஆறு வாரத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அன்னிக்குச் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டார். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். அடுத்துப் பரீட்சை எழுதவிருந்த ஐந்து பேரில் ஒருத்தியான வரவேற்பறைப் பெண் மட்டும் நோட்டைத் திறந்து, "எந்தெந்தப் பதினொண்ணுக்கா?" என்று கேட்டாள்.