பின்னோடிய தீ

1936 மாசியில் ஓரிக்கைப் பக்கத்து அரிசி ஆலையின் பாய்லர் விரிசல் விட்டது. ஒட்டவைக்கக் குப்புசாமியை அழைத்தார்கள். சென்னைப் பட்டறை ஒன்றில் வெல்டிங் கற்றவன். துணைக்கு அவன் மனைவி ரேணுகாம்பாளே வருவாள். கார்பைடு கல்லும் தண்ணீரும் சேர்ந்து வாயு கிளம்பும் இரும்புப் பீப்பாய் அவள் பொறுப்பு; ஆக்சிஜன் உருளை அவன் பொறுப்பு. பீப்பாயின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம்தான்.

ஒருமுறை அவனே சொல்லியிருந்தான். "நெருப்பு பின்னாடி ஓடியாரத்தான் பாக்கும், ரேணு. வாயு அதவிட வேகமா வெளிய வந்துக்கினு இருந்தா ஒட்டுக்குழாயோட மூக்கு முனையிலயே நிக்கும். வாயு தளர்ந்துச்சுன்னா உள்ள பூந்துடும்."

"பூந்து எங்க போவும்?"

"பீப்பாய்க்குத்தான். நடுவுல தண்ணிப் பானை இருக்குதே, அதுல அவிஞ்சிடும்."

அந்தச் சிறிய இரும்புப் பானையின் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. திறந்தால் தண்ணீர் சொட்ட வேண்டும். தினமும் முதல் வேலையாக அதைப் பார்ப்பாள். அன்று காலை ஆலைக்காரர் ராஜகோபால், ஊறவைத்த நெல் நாறிப்போகிறது என்று வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினார். அவள் பார்க்கவில்லை.

பாய்லரின் அடுப்புக்குள் குப்புசாமி மல்லாந்து படுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. திடீரென்று பட்டென ஒரு சத்தம். பிறகு உள்ளிருந்து கீச்சென்று சீட்டியடிப்பதுபோல் ஒலி எழுந்து நிற்காமல் நீண்டது. கரும்புகை வந்தது. தீ குழாய்க்குள் புகுந்துவிட்டது. அவன் அலறுவது கேட்டது. கைப்பிடி கொதித்து ஒட்டுக்குழாயைக் கீழே போட்டுவிட்டிருக்க வேண்டும்.

"ஓடுங்கப்பா" என்று கத்திக்கொண்டே ராஜகோபால் முற்றத்தைத் தாண்டினார். ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

ரேணுகாம்பாளின் கை தானாகப் பானையின் திருகைத் திறந்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை. தீ இந்தப் பக்கம் வந்தால் பீப்பாயும் பாய்லரும் அவனும் ஒன்றாகப் போக வேண்டியதுதான்.

முதலில் ஆக்சிஜனை அடைக்க வேண்டும். உருளையின் சாவியைப் பிடித்தாள். எந்தப் பக்கம் திருப்புவது என்பது மறந்துபோயிற்று. அவன் கை எப்படிப் போகும் என்று கண்ணை மூடி நினைத்தாள். வலப்பக்கம். சாவி அசையவில்லை. முழு உடம்பின் கனத்தையும் அதன் மேல் போட்டாள். கால் சுற்று, அரைச் சுற்று. சீட்டி மெலிந்து நின்றது. ஓடிப்போய் பீப்பாயிலிருந்து வரும் ரப்பர் வாயுக் குழாயை மடித்து இரண்டு கையாலும் நசுக்கிப் பிடித்தாள்.

சிறிது நேரத்தில் குப்புசாமி காலால் உந்தி உந்தி வெளியே வந்தான். வலது உள்ளங்கை வெந்திருந்தது. பீப்பாய் வால்வை இடது கையால் அடைத்துவிட்டு, திறந்து கிடந்த திருகைப் பார்த்தான்.

"காத்தால தண்ணி பாத்தியா?"

"பாக்கலங்க."

அவன் குழாயை விடச் சொன்னான். அவளால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்துவிட்டான்.

நெல் பாழாகிறது என்று ராஜகோபால் திரும்பி வந்து முனகினார். "இன்னிக்கு முடியாதுங்க" என்றான் குப்புசாமி.

கை ஆற இருபது நாள் பிடித்தது. பிறகு அவனே வந்து விரிசலை ஒட்டி முடித்தான். அவளும் வந்தாள். பற்றவைக்குமுன் திருகை மூன்று தடவை திறந்து பார்த்தாள். தண்ணீர் சொட்டியது. ஆனாலும் அவன் ஒட்டி முடிக்கும்வரை அவள் பானையைவிட்டு நகரவில்லை.