இருபத்திரண்டாவது சேனல்

என் மனைவியை எழுநூறு பேர் முன்னால் கேலி செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாய் முந்திக்கொண்டது. அது எப்போதும் எனக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நின்றுகொண்டு, என்னை வா வா என்று கூப்பிடும்.

கப்பலில் 'ஜோடிப் பொருத்தம்' என்று ஒரு போட்டி. அவளைக் கேட்காமலே எங்கள் பெயரைக் கொடுத்திருந்தேன். மனைவிகளை அரங்குக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கணவர்களிடம் கேள்வி கேட்பார்கள். பிறகு மனைவிகளை உள்ளே அழைத்து அதே கேள்வி. அவளுடைய செருப்பு அளவு, பிடித்த நிறம், எதைக் கண்டால் பயம். மூன்றிலும் எனக்கு முட்டை. முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன்.

நான்காவது கேள்வி: "உங்க மனைவி ஆசைப்பட்டும் கிடைக்காத ஒண்ணு?"

"அமைதி" என்றேன். அரங்கம் அதிர்ந்தது.

அவள் வந்தாள். மைக்கை வாங்கினாள். "வெளியூர்ல ஒரு டீச்சர் வேலை வந்துச்சு. போகல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் சிரிக்காமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். "பசங்க தப்பிச்சாங்க!" என்றேன்.

எழுநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆறுதல் பரிசாக ஆளுக்கொரு கீசெயின் கொடுத்தார்கள்.

மறுநாள் கடல் நாள். துறைமுகம் கிடையாது, இறங்க வழி கிடையாது, சனிக்கிழமை வரை நாலு பக்கமும் தண்ணீர்தான். அந்த மாதிரி நாட்களில் முந்தைய நாள் நிகழ்ச்சிகளை அறையிலிருக்கும் டிவியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலி. இருபத்திரண்டாவது சேனல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் முகம் வாயைப் பிளந்து சிரித்தது. சத்தமில்லாமல் பார்த்தால் யாரையோ கடிக்க வருகிறவன் போல இருந்தேன்.

லிஃப்டில் ஏறினேன். கிழமை மறந்துபோகும் என்று தரைவிரிப்பிலேயே 'வியாழன்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற தொப்பைக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"சார், நீங்கதானே! பசங்க தப்பிச்சாங்க!"

கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஆம்லெட் போடுபவர் கரண்டியை உயர்த்தி அதையே சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக என் ஜோக் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. நானோ ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அவளை எங்கேயும் காணோம்.

வரவேற்பு மேஜைக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணிடம், "அந்த நிகழ்ச்சியை நிறுத்த முடியுமாம்மா?" என்றேன்.

"ராத்திரி வரைக்கும் போட்டு வச்சது சார். ஏன் சார், எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கே!" என்றவள் என் அட்டையில் அறை எண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை வந்தீங்க. சனிக்கிழமை இறங்குறதுக்கு அம்மா காலையில ஃபாரம் குடுத்தாங்க. அதுல ஒரு பேர்தான் இருக்கு. உங்க பேரையும் சேர்க்கணுமா?" என்று கேட்டாள்.

"ஊர் சுத்திப் பாக்கத்தானே?"

"இல்ல சார். பெட்டியோட இறங்குறதுக்கு. திரும்பி ஏறமாட்டாங்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கப்பல் ஆடுகிறது என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள்.

நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். கடலின் ஆழம் நாலாயிரத்து முந்நூறு மீட்டர். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்போகிறோம், இன்று பன்னிரண்டு மணி இரண்டு முறை வரும், அனுபவியுங்கள் என்றார். நீச்சல் குளத்தைச் சுற்றிப் படுத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். மூழ்குகிறவன் காலில் கல்லைக் கட்டி, இந்தா கூட ஒன்று என்று கொடுத்த மாதிரி எனக்கு ஒரு மணி நேரம்.

இரண்டாவது பன்னிரண்டு மணிக்குத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். ஐந்தாம் தளத்தில், உயிர்காக்கும் படகுகள் தொங்குகிற நிழலில், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கயா இருக்க? நாலு கிலோமீட்டர் நடந்திருப்பேன். டாக்டர் கேட்டா ஆனந்தக் கண்ணீர் விடுவார்."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். "ஃபாரம் குடுத்தியாமே. ஒரு பேர்தான் இருக்காம். என் பேர் வர்றதுக்குள்ள பேனாவுல மை தீந்துடுச்சா?"

அந்த நேரம் பார்த்து நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "அம்மா, நீங்கதானா அந்த டீச்சரம்மா! பசங்க தப்பிச்சாங்க!" என்றார்கள். அவள் அழகாகச் சிரித்தாள். அவர்கள் திரும்பியதும் முகத்தில் அது இருந்த சுவடே இல்லை. எனக்கு இத்தனை வருஷம் கிடைத்ததும் இந்தச் சிரிப்புதானோ?

"நேத்து வாய் தவறிடுச்சும்மா."

"தவறல. அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"என்னிக்கு?"

"வேலைக்கு ஆர்டர் வந்த அன்னிக்கு. உங்க அம்மா, அக்கா, மாமா எல்லாரும் கூடத்துல உக்காந்திருந்தாங்க. நான் கவரை நீட்டினேன். 'பாவம், பசங்க தப்பிச்சுப் போகட்டும், விடு'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு உள்ள போய் அதை அரிசி டப்பாவுக்குள்ள வச்சேன். நீங்க அப்புறம் ஒரு தடவைகூடக் கேக்கல."

எனக்கு நினைவே இல்லை. ஒரே ஜோக்கை இரண்டு முறை சொல்லமாட்டேன் என்று மார்தட்டுகிறவன் நான்.

"சனிக்கிழமை இறங்கி உன் தங்கச்சி வீட்டுக்கா?"

"ஆமா. அவகிட்ட பேசிட்டேன்."

"கொஞ்ச நாள் இருந்துட்டு வா. நல்லதுதான்."

அவள் படகின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். வாயில் ஒரு வேடிக்கை வந்து நின்றது, நல்ல வேடிக்கை. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். எதைக் கேட்டாலும் அவள் "பாக்கலாம்" என்பாள். பெண் பார்க்கப் போன அன்றும் அதைத்தான் சொன்னாள். நான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியது அந்த ஒரு சொல்லை நம்பித்தான். இப்போதும் அதைச் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

"வீட்டுக்கு எப்ப வருவ?" என்றேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பினாள். கோபம் இல்லை. அழுகையும் இல்லை.

"வரமாட்டேங்க."