உதடு கிழிந்த மீன்

எங்கள் கிணற்றில் எப்போதும் ஒரு ட்ரவுட் மீன் இருக்கும். பூச்சி புழுக்களை அது தின்றுவிடும். மீன் நீந்தினால் தண்ணீர் நல்லது. நியூஃபவுண்ட்லாந்துத் தீவுகளில் வேறு பரிசோதனை கிடையாது. கேனட் தீவின் முப்பத்தோரு வீடுகளுக்கும் எங்கள் கிணறுதான். என் கொள்ளுத்தாத்தா பாறையைப் பிளந்து தோண்டியது. கீர்லி குடும்பம் யாரையும் வெறும் வாளியோடு திருப்பி அனுப்பியதில்லை, எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களைக்கூட.

1934 ஜூனில் பிஷப் வருவதாக இருந்தது. தேவாலயப் பாதையிலிருந்து பார்த்தால் எங்கள் கழிப்பறைதான் முதலில் தெரியும். அப்பா அசரையா கீர்லிக்கு அது பொறுக்கவில்லை. "பிஷப் கண்ணுல மொதல்ல படுறது நம்ம கக்கூசா இருக்கணுமா?" என்று, அதைப் பெயர்த்து வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வைத்தார். அந்த மேட்டின் அடியில்தான் கிணறு.

அதே மாதம் என் அண்ணன் கார்லண்ட் மரம் வெட்டும் முகாமிலிருந்து காய்ச்சலோடு வந்து மாடியில் படுத்தான். அடுத்த வீட்டு லியாண்டர் பார்டியும் அதே படகில் வந்தார். அவருக்கு இருமல் மட்டும். யார் கேட்டாலும் அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லும்படி அப்பா உத்தரவிட்டார். சொன்னோம்.

ஜூலையில் ஒரு காலை நான் வாளிகளோடு போனபோது மீன் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. பன்னிரண்டு வயது மீன். எப்போதோ தூண்டிலில் கிழிந்த கீழுதடு. அப்பாவிடம் ஓடினேன்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்லப்பா."

"ஓடையில போயி இன்னொன்னப் புடிச்சிட்டு வா. சீக்கிரம்."

"அப்பா, தண்ணி கெட்டிருந்தா…"

"மீனுன்னா சாகாதா? வயசாச்சு, செத்துச்சு. கீர்லி கிணத்துல மீன் மெதக்குதுன்னு ஊரே பேசணுமா?"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். புது மீனைக் கிணற்றில் விட்டேன். பழையதை உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்தேன்.

முதலில் வந்தது லியாண்டரின் மனைவி மகாலா.

"என்னடி ட்ரூசி, மூஞ்சி ஊறவச்ச கருவாடு மாதிரி இருக்கு?" என்றபடி குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. "இது அந்த மீனில்லையே. அதுக்கு ஒதடு கிழிஞ்சிருக்கும். எம்புருஷன் மூஞ்சியவிட எனக்கு அது மூஞ்சி நல்லாத் தெரியும்."

அப்பா வேலியருகே வந்து நின்றார். "கீர்லி கிணத்து மேல சந்தேகமா, மகாலா?"

"ஐயோ, இல்ல மாமா. சும்மாதான் கேட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு ட்ரூசி. அதே மீனா?"

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதேதான் அக்கா," என்றேன்.

அவள் இரண்டு வாளிகளையும் நிரப்பினாள். வாளிகள் காலில் இடிக்காமலிருக்க மர வளையத்துக்குள் நின்று இருபுறமும் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கிப் போனாள்.

பதினோராம் நாள் அவளுடைய சின்ன மகள் ஐவிக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் ஏழு பேர் போனார்கள். முதலில் ஐவி. ஐந்தாவது என் தங்கை லெட்டிஸ். லியாண்டர்தான் நோயைக் கொண்டுவந்தார் என்று ஊர் சொன்னது. அப்பா மறுக்கவில்லை. யாரோ லியாண்டரின் படகைக் கோடரியால் உடைத்தார்கள்.

கடைசியில் ஒரு நர்ஸ் வந்தாள். கிணற்றையும் மேட்டையும் பார்த்தாள். மாடிக்குப் போய் அண்ணனையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"கக்கூஸ் மேல, கிணறு கீழ. இதுக்குப் படிப்பு வேற வேணுமா?" என்றாள்.

அப்பா அவளுக்குக் கதவைக் காட்டினார். கிணறு பலகை வைத்து அறையப்பட்டது. மேட்டிலும் மாடியிலும் அவள் கண்டது எங்கள் சமையலறையைத் தாண்டி ஊருக்குப் போகவில்லை. குளிர்காலத்துக்கு முன்பே பார்டி குடும்பம் ஒரு கல்லறையை விட்டுவிட்டுத் தீவைவிட்டுப் போனது. அதன்பின் முப்பத்தைந்து வருடம் மழைப் பீப்பாயும் பனிக்கட்டியும்தான். பிறகு குளத்திலிருந்து குழாய் வந்தது.

போன மாதம் புது பம்ப் வீட்டுக்குக் கல்வெட்டு வாசகத்தோடு கவுன்சிலர் வில்ஃப் வந்தான். குடும்பத்தில் மூத்தவள் என்று என் கையெழுத்து வேண்டுமாம். 'கீர்லி குடும்பம் நூறாண்டு நல்ல தண்ணீர் தந்தது. 1934இல் வெளியிலிருந்து வந்த நோயால் கிணறு மூடப்பட்டது.'

"வெளியிலருந்து வரல, வில்ஃப். எங்க மாடியிலருந்து வந்துச்சு. அப்படியே வெட்டு."

சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "இப்ப எதுக்கு அத்தை? உங்கப்பா பேரு கெட்டுடும்."

"பொய்க் கல்லுல எங்க பேரு நிக்கக் கூடாது. லியாண்டர் மேல உள்ள பழிய எடு. இல்ல, எங்க பேர எடு."

சுலபமானதைச் செய்தார்கள். கல்லில் எங்கள் பெயரும் இல்லை, நோயும் இல்லை; இப்போது வருடம் மட்டும் இருக்கிறது. கார்லண்டின் மகன் என் வாசலுக்கு வருவதில்லை.

ஹாலிஃபாக்ஸில் இருக்கும் மகாலாவின் மூத்த மகளுக்கு நடந்ததை முழுவதும் எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கும் தகுதி இல்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

"அது வேறு மீன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ட்ரூசி பொய் சொல்லமாட்டாளே என்பாள். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துப் போய்ச் சேர்ந்தாள்."