துணைக்கு யாரும் வரவில்லை

"குசினிக்குள்ள கால வச்சே, நடக்கிறதே வேற!"

மாமியார் காளியாயி அகப்பையோடு வாசலை மறித்து நின்றாள். ஜீவராணி தன் தட்டை இஸ்தோப்புத் திண்ணையின் ஓரத்தில் வைத்துவிட்டு விலகினாள். சோறு தட்டில் விழுந்ததும் எடுத்துக்கொண்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போனாள். விறகு அடுக்கும் தகரக் கொட்டகைதான் இரண்டு வருடமாக அவள் வீடு.

கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது. இரவும் பகலும் சொட்டும். எத்தனை துணி மாற்றினாலும் வாடை போகாது. புருஷன் பழனியாண்டி அவள் பாயைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டதோடு சரி. கோயிலுக்குப் போகக்கூடாது, சமைக்கக்கூடாது. தேயிலைக் கொழுந்து மட்டும் பறிக்கலாம்; சம்பளத்துக்குத் தீட்டில்லை. மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்கமாட்டார்கள். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமலே கூடை நிறைந்துவிடும்.

கிளினிக்கில் டாக்டர் ஜெயந்தினிதான் ஒரு சேதி சொன்னார்.

"இந்த ஓட்டைய அடைக்கிற ஆபரேஷன எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வெளிநாட்டு டாக்டர் ஒருத்தங்க வர்றாங்க. அவங்க பக்கத்துல நிப்பாங்க, நான்தான் தைப்பேன். சம்மதமா?"

பழனியாண்டி குதித்தான். "ஒன்ன வச்சுப் படிக்கப் போறாங்களா? நாலு பேரு முன்னால அப்பிடிப் படுத்துக் கெடந்தா என் மானம் என்னாவறது? நான் வரமாட்டேன்."

"நீங்க வர வேணாங்க."

விடியற்காலையில் டயகமவிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் பஸ் ஏறினாள்.

"துணைக்கு யாரு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"யாருமில்லங்க."

"புருஷன் கையெழுத்து வேணுமே?"

"ஒடம்பு அவங்களோடது. அவங்க போட்டாப் போதும்," என்றார் ஜெயந்தினி. ஜீவராணி தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

வெளிநாடு என்றதும் வெள்ளைக்காரியைத்தான் எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் எத்தியோப்பியாக்காரர்; ஜீவராணியைவிடக் கறுப்பு. ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்க, ஜீவராணி ஆபரேஷன் மேசையில் விழித்தபடியே படுத்திருந்தாள். அந்தம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தடவை ஏதோ சொன்னார். ஜெயந்தினி தான் போட்ட தையலைப் பிரித்து மறுபடி போட்டார். எல்லாம் முடிந்ததும் அந்தம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, ஜீவராணியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். இரண்டு வருடத்தில் பாசத்தோடு அவளைத் தொட்ட முதல் கை அதுதான். ஊசிக்கு அழாதவள் அப்போது அழுதாள்.

பதினாலு நாள் மூத்திரம் போக டியூப் போட்டிருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். டியூபை எடுத்த மறுநாள் காலை விரிப்பைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். சொல்ல ஆளில்லாமல், தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னாள்: "காஞ்சிருக்குங்க!"

லயத்துக்குத் திரும்பியபோது காளியாயி மஞ்சத்தண்ணிச் செம்போடு நின்றாள்.

"தலையில ஊத்திக்கிட்டு மூணு நாளு வெளிய இரு. தீட்டுக் கழியட்டும்."

"எனக்கு இருந்தது நோவு, அத்த. அத அங்க தச்சு அனுப்பிட்டாங்க. இந்தத் தண்ணி யாருக்குத் தேவைன்னு நீங்களே பாத்துக்கங்க."

ஜீவராணி மாமியாரைத் தாண்டிக் காம்பரா அறைக்குள் போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பழனியாண்டி தடுமாறி எழுந்து கேட்டான்:

"பஸ்ஸுல ஒத்தையிலயா வந்த?"

"போனப்பவும் ஒத்தையிலதானே போனேன்," என்றாள் ஜீவராணி.