காற்றில் சுற்றிய சக்கரம்

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஆதிநாராயணன் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த பெரிய ரிமோட் காரில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் நாற்பது ஆம்பியர் கன்ட்ரோலர் கருகிப்போனது. ரேடியோ மெக்கானிக் அமீர் ஜான் காரைக் கட்டைமேல் ஏற்றி, சக்கரங்களைக் காற்றில் சுற்றவிட்டு அளந்தான். ஐந்து ஆம்பியர்தான் இழுத்தது.

"பத்து ஆம்பியர் கன்ட்ரோலரே தாராளம் மொதலாளி. நாப்பது இன்னாத்துக்கு? யானையையா ஏத்தப் போறீங்க?"

மறுநாள் அமீர் ஜான் பத்து ஆம்பியர் கன்ட்ரோலரை மாட்டிக் கொண்டுவந்ததும், மண்டி வாசலில் ஆதிநாராயணன் தன் மூன்று வயது மகளைக் காரின்மேல் உட்காரவைத்தார். "மெதுவா ஓட்டு, பாய்."

தாராளம் என்ற வாயால் பாரம் தாங்காது, வேண்டாம் என்று சொல்ல அமீர் ஜானுக்கு ரோஷம் விடவில்லை. விசையை அழுத்தினான். முனகிக்கொண்டே நகர்ந்த காரிலிருந்து கருகல் வாடை வந்தது. கன்ட்ரோலர் எரிந்தால் கரண்டை நிறுத்தாது, முழுசாகத் திறந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

விசையிலிருந்து விரலை எடுத்தான். கார் லாரிகள் ஓடும் திண்டிவனம் ரோட்டை நோக்கிப் பாய்ந்தது. குழந்தை கைதட்டிச் சிரித்தது.