கிணற்றுக்குள் பத்தடி

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, வாலாஜாபாத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு விவசாயக் கிணற்றில் லோகேஸ்வரன் பத்தடி நடந்தார்.

கிணறு பக்கத்து வயல்காரர் பூவராகவனுடையது. உள்சுவரை ஒட்டிப் படிகள் இறங்கும். பத்தாவது படி மட்டும் மேடைபோல அகலமாக நீண்டிருக்கும். அந்த மாதம் அதில் மார்பளவு தண்ணீர் நின்றது. சிறுவயதில் லோகேஸ்வரன் நீச்சல் பழகியது அங்கேதான். முப்பத்தாறு வயதில், காஞ்சிபுரம் கருட சேவைக்கு சீரியல் லைட் கட்டும்போது ஏணியோடு விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. இருபது மாதங்களாக இரண்டு கால்களும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மனைவி கலையரசியின் தம்பி தினேஷ் ஞாயிறுதோறும் அவரை முதுகில் சுமந்து கிணற்றில் இறங்குவார். முதலில் லாரி டியூபைப் பிடித்து மிதந்ததோடு சரி. தண்ணீரில் கால்கள் தாமாக மேலே வந்தன. எந்நேரமும் இழுத்துப் பிடித்திருக்கும் தொடைச் சதை தளர்ந்தது. அன்று மாத்திரை இல்லாமல் தூங்குவார். திங்கட்கிழமைகளில் கலையரசியின் மீது எரிந்துவிழ மாட்டார். புதன்கிழமைக்குள் பழைய கோபம் திரும்பிவிடும்.

"மேல இருந்தா அரிசி மூட்டை, உள்ள போனா மீனு. எப்படி மாமா?"

"மூட்டை தூக்கத்தான்டா எங்க வீட்ல உனக்கு சோறு."

அந்த ஞாயிற்றுக்கிழமை டியூபை விட்டுவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, பத்தாவது படியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனார். சிரித்தார். மேல்படியில் நின்ற கலையரசி நாற்பது நொடி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். 'என் வீட்டுக்காரருக்குக் கால் வந்துடுச்சு. கடவுளுக்கு நன்றி.'

பிப்ரவரி 7-ம் தேதி, கால் இயலாதவர்களுக்கு இலவச ஸ்கூட்டர் வழங்குவதற்கான முகாம் நடந்தது. பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய வண்டி. கை மட்டும் போதும், ஓட்டலாம். பட்டியலில் லோகேஸ்வரன் பெயர் முப்பத்தொன்றாவது. வாலாஜாபாத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஜான்சன் சொல்லியிருந்தார்: "வண்டி வந்தா வேலைக்கு வந்துடு லோகு. உக்காந்த வேலைதான். ஏப்ரல் வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன்."

முகாமில் அதிகாரி தன் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"நடக்கறீங்க."

"தண்ணியில சார். தரையில நிக்கவே முடியாது."

"கால் வந்துடுச்சுன்னு போட்டிருக்குதே. யார் போட்டது?"

"நான்தான் சார்," என்றார் கலையரசி. "சந்தோஷத்துல போட்டுட்டேன். தண்ணி அவரைத் தூக்கிக்கினு இருக்குது சார். அவரா நிக்கல."

அதிகாரி கோபப்படவில்லை. "எனக்குப் புரியுதும்மா. புகார் வந்துட்டா மறுபரிசோதனைக்கு அனுப்பித்தான் ஆகணும்."

"ஒரு தடவ கிணத்துக்கு வந்து பாருங்க சார்."

"டாக்டருங்க எப்படிப்பா கிணத்துக்கு வருவாங்க?"

லோகேஸ்வரன் மேஜையை இரு கைகளாலும் பிடித்து உடலை நாற்காலியிலிருந்து தூக்கினார். கால்கள் மடங்கின. தரையில் கிடந்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "சூப்பரா நடிக்கறாரு," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கலையரசி அங்கேயே தன் போனிலிருந்த வீடியோவை அழித்தார். ஸ்டேட்டஸில் இருந்த அந்த ஒரு நாளில் அதைப் பார்த்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். புகார் அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தினேஷ் துண்டோடு வந்தார்.

"டாக்டருங்க பாக்கற வரைக்கும் வேணாம்டா," என்றார் கலையரசி.

"யாரும் இல்லாதப்ப போலாம்க்கா."

"அன்னிக்கும் நம்ம ஜனங்கதான் பாப்பாங்கன்னு நெனச்சேன்."

மூன்றாவது வாரம் லோகேஸ்வரனின் தொடை மறுபடி இழுக்கத் தொடங்கியது. மாத்திரை ஒன்று இரண்டானது. காலையில் பூவராகவன் கிணற்று மோட்டாரைப் போடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். லோகேஸ்வரன் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஐந்தாவது ஞாயிறுக்குப் பிறகு தினேஷ் கூப்பிட வரவில்லை.

மார்ச்சில் வண்டிகளைக் கொடுத்தார்கள். முப்பத்தொன்றாவது வண்டி முப்பத்திரண்டாவது ஆளுக்குப் போனது. மறுபரிசோதனைத் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. மே முதல் வாரம் ஜான்சன் வீட்டுக்கே வந்து, "தப்பா எடுத்துக்காத லோகு, வேற ஆள் போட்டுட்டேன்பா," என்று சொல்லிவிட்டு, கலையரசி கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 12-ம் தேதி மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். முழங்கால்கள் முழுதாக நீளவில்லை. புகார் தவறு என்று எழுதினார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் பாதிப்பு 75 சதவீதம் என்று இருந்தது 80 ஆனது. வண்டிக்கு அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கலையரசி மட்டும் இறங்கிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் பத்தாவது படிக்கு எட்டடி கீழே இருந்தது.